எட்டு மணிக்கு அடங்கின ஊர்

“யாழ்ப்பாணத்தில இரவில என்ன இருக்கு?” வெளிமாவட்டத்தில இருந்து கம்பசுக்கு வாற நண்பர்கள் முதல் கிழமையிலேயே கேட்கிற கேள்வி இது. பெரியாக்களைக் கேட்டால், “எங்கட கலாசாரம் அப்பிடித் தம்பி, பொழுதுபட்டா வீடுதான்” என்பார்கள். நாங்களும் கனகாலம் அதை நம்பினோம்.

ஆனால் 1974இல் திருநெல்வேலியில் வளாகம் தொடங்கிய காலத்து ஆட்களோடு கதைத்தால் வேறு ஊர் ஒன்று வெளியில வருகிறது. வின்சர், ராணி, வெலிங்டன், ரீகல், மனோகரா, ராஜா என்று நகரம் முழுக்கத் தியேட்டர்கள். இரண்டாம் காட்சி முடிய நடுச்சாமம். பெடியள் சைக்கிளில டபிள் போட்டுக்கொண்டு, படத்தைப் பற்றி அடிபட்டபடி அறைக்குத் திரும்புவாங்கள். கோயில் திருவிழா என்றால் விடிய விடியத் தவில், நாதஸ்வரம், சின்னமேளம். வீதியோரம் விளக்கு வெளிச்சத்தில கச்சான் கடை. நித்திரை முழிக்கிறது எங்கட ஆக்களுக்குப் பழகின விசயம்தான்.

அந்த இரவு எல்லாருக்கும் கிடைத்தது என்று சொல்லமாட்டோம். பெண்கள் பாயோடும் பிள்ளைகளோடும் கச்சேரிக்கு வந்தார்கள். இரண்டாம் காட்சிக்குச் சிநேகிதிகளோடு தனியப் போன ஒருத்தியின் கதையை இதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பிறகு இரவு பயமாகியது. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் சந்தைக் கடைகளும் ஈழநாடு அலுவலகமும் நூலகமும் எரிந்தன. அதன்பின் சுற்றிவளைப்பு, ஊரடங்கு. வீட்டுக்கு நேரத்தோட வரச் சொன்னது கலாசாரம் இல்லை, துவக்கு.

அப்பவும் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை 1985இல் பல்கலைக்கழகக் குழு ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1990இல் கரண்ட் நின்றது, வருசக்கணக்காக வரவேயில்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ பாடும். ஜாம் போத்தல் விளக்கில படிப்பு. எங்கட அம்மா அப்பாமாரின் இளமைக்கால இரவு இதுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு அவர்கள் எல்லாருமே வீதியில் நின்றார்கள், மூட்டை முடிச்சோடு, மழைக்குள்ள, நாவற்குழிப் பக்கம் நடந்தபடி. 2006இல் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது ஊரடங்கு திரும்ப வந்தது. இரவு என்றவுடன் அவர்கள் வாசலைப் பார்ப்பது ஏன் என்று இப்ப விளங்குகிறது.

இண்டைக்கு ஊரடங்கு இல்லை. நகரத்தில பெரிய கடைத்தொகுதிக்குள்ள சினிமா இருக்கு; கொத்துத் தட்டுற சத்தம் ஒன்பது மணிக்கும் கேட்குது. ஆனால் எங்களோட கொத்துச் சாப்பிட வாற தோழிகள் பாதித் தட்டில போனை எடுத்து நேரம் பார்க்கினம். அவையள் வாடகைக்கு இருக்கிற வீட்டில கேற் பூட்டிப்போடுவினம். மிச்சத்தைப் பாசல் கட்டிக்கொண்டு, சந்திவரை நாங்களும் கூடப் போறம்.