நிகழ்வுக்காகக் காத்திருத்தல்

வரைகலை இடைமுகம் கொண்ட ஒரு நிரல், பயனர் பொத்தானைச் சொடுக்கும்வரை அல்லது விசையைத் தட்டும்வரை அடுத்த வரிக்குப் போகாமல் நிற்பது நிகழ்வுக்காகக் காத்திருத்தல் எனப்படும். நிரலே தன்னை நிறுத்திக்கொள்வதுபோல் இது தோன்றும். ஆனால் 'வந்ததா, வந்ததா' என்று கேட்கும் சுழற்சியை எழுதினால் நிரல் நிற்பதில்லை. பயனர் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதும் சிபியு முழு மூச்சில் ஓடும். மெய்யாகவே நிற்க வேண்டுமானால் கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைத்து, நிகழ்வு வந்ததும் எழுப்பச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு எப்போது, யாரிடம் கைமாறியது என்று பார்த்தாலே இதன் வரலாறு விளங்கிவிடும்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்மால்டாக்-80, மவுஸின் நிலையைச் சுழற்சிக்குள் ஓயாமல் விசாரித்தது. ஒருவர் மட்டுமே புழங்கும் கணினியில் அது பெரிய நட்டமல்ல. 1984இல் வந்த மெக்கின்டாஷ் நிகழ்வுகளை வரிசையில் சேர்த்துவைத்தது. நிரல் 'கெட்நெக்ஸ்ட்ஈவென்ட்' மூலம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. வரிசை காலியாக இருந்தால் வெற்று நிகழ்வொன்று உடனே கைக்கு வந்துவிடும் என்பதால் இதுவும் பழைய விசாரிப்புதான். பல நிரல்களை ஒருசேர இயக்கும் மல்ட்டிஃபைண்டர் 1987இல் வந்தபோது, ஒரு நிரலின் வீண் விசாரிப்பு மற்றவற்றின் நேரத்தைத் தின்றது. எத்தனை அறுபதில் ஒரு பங்கு விநாடி தூங்கலாம் என்று நிரலே சொல்லிவைக்கும் 'வெயிட்நெக்ஸ்ட்ஈவென்ட்' அதற்கு மருந்தாயிற்று. 1985இன் விண்டோஸ் 1.0 இதில் முந்திக்கொண்டது: அதன் 'கெட்மெசேஜ்', செய்தி வரும்வரை திரும்புவதே இல்லை; அந்த இடைவெளியில் பிற நிரல்கள் ஓடின.

விளையாட்டு நிரல்கள் இன்றும் ஓயாமல் விசாரிக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே படத்தை எப்படியும் மீண்டும் மீண்டும் வரைந்தாக வேண்டும். அது காத்திருப்பே அல்ல. கட்டுப்பாட்டை ஒப்படைப்பதற்கு வலுவான மறுப்பு வேறொன்று. கேள், பதில் வரும்வரை நில், தொடர் என்று வரிசையாக எழுதினால்தான் நிரல் படிக்க எளிது என்பார்கள். வரைகலைக் கருவித்தொகுப்பான டிகே-யின் 'டிகேவெயிட்', மேட்லேப் மொழியின் 'யுஐவெயிட்' ஆகியவை அந்த வசதியைத் தருகின்றன. ஆனால் 'டிகேவெயிட்' காத்திருக்கும்போது உள்ளே இன்னொரு நிகழ்வுச் சுழற்சி ஓடுகிறது. அதே பொத்தானைப் பயனர் மறுபடி அழுத்தினால் முதல் காத்திருப்புக்குள் இரண்டாவது தொடங்கும். முதலாவதன் நிபந்தனை நிறைவேறினாலும், இரண்டாவது முடியாமல் அது வெளியே வர முடியாது. 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்த 'அவெய்ட்' இந்த முடிச்சை அவிழ்த்தது: எழுத்தில் வரிசை அப்படியே இருக்கும், கட்டுப்பாடு மட்டும் ஒரே சுழற்சிக்குத் திரும்பிவிடும். பொத்தானை இருமுறை அழுத்துவதை அதுவும் தடுக்காது. முதல் சொடுக்கிலேயே பொத்தானைச் செயலிழக்கச் செய்வது நிரலாளரின் பொறுப்பு.