கருவுற்ற காலச் சளிக்கு மருந்து: திருவண்ணாமலைச் சூழலை முன்வைத்து

கருவுற்ற பெண்ணுக்கு வரும் சாதாரணச் சளி பெரும்பாலும் ரைனோ வைரஸ் வகைகளால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் தானே அடங்கிவிடும். அது கருவைக் கெடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஆபத்து வேறு இரண்டு வழிகளில் வருகிறது. சளி என்று நினைத்தது இன்ஃப்ளூயன்சாவாக இருந்துவிடலாம். சளிக்கென்று விசாரிக்காமல் விழுங்கும் மாத்திரையும் கஷாயமும் தீங்கு செய்யலாம். எனவே ஒரு தொந்தரவுக்குப் பெயர் தெரிந்த ஒரே மருந்து என்பதே இக்காலத்துக்குரிய நெறி. அந்த நெறி ஆங்கில மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

திருவண்ணாமலையில் இது பருவத்தோடு பிணைந்த சிக்கல். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் இன்ஃப்ளூயன்சா உச்சம் பெறுவது வடகிழக்குப் பருவமழையையொட்டிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன; வட, மேற்கு இந்திய நகரங்கள் பலவற்றில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. வேலூரை அடுத்துள்ள திருவண்ணாமலையில் அதே மாதங்களில்தான் கார்த்திகைத் தீபப் பெருவிழா நடைபெறுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் பேருந்துகளும் விடுதிகளும் வெளியூர்க் கூட்டத்தால் நிரம்புகின்றன. ஊர்க்காரப் பெண்கள் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாலும், பூக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வேலைக்குப் போய்வரும் குடும்பத்தார் வழியாகத் தொற்று வீட்டுக்குள் வந்துவிடும்.

கருப்பை வளர வளர உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது; நுரையீரலில் தங்கும் காற்று குறைகிறது; ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. அதனால் நுரையீரல் தொற்று வந்தால் தாங்கும் திறன் குறைவு. 2009 எச்1என்1 பரவலில் அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள், இறந்தோரில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடாக இருந்தனர். இந்திய அரசின் பருவ இன்ஃப்ளூயன்சா வழிகாட்டுதல் காய்ச்சலுள்ள கர்ப்பிணிகளைத் தனியே ‘பி’ பிரிவில் வைத்து, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒசெல்டாமிவிர் தரலாம் என்று சொல்வது இதனால்தான். மெல்லத் தொடங்கும் மூக்கொழுகலும் தும்மலும் சளியின் அடையாளம். திடீரென்று வரும் காய்ச்சல், உடல்வலி, வறட்டிருமல் ஆகியவை இன்ஃப்ளூயன்சாவைச் சுட்டும். அப்போது 48 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம்.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. காய்ச்சலும் தொற்றும் இல்லாமல் மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் அது பெரும்பாலும் கர்ப்பகால மூக்கடைப்பு. பிரசவமான இரண்டு வாரத்துக்குள் அது நீங்கிவிடும். உப்புநீர்ச் சொட்டும் தலையணையை உயர்த்திப் படுப்பதும் அதற்குப் போதும்.

மருந்துக் கடையில் “சளிக்கு நாலு மாத்திரை” என்று கேட்டால் அட்டையிலிருந்து நான்கை வெட்டி ஒரு காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். உட்பொருள்களும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி பல வேளைகளில் கடையிலேயே தங்கிவிடுகிறது. சளி மாத்திரைகளில் பல கூட்டு மருந்துகள்: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின், சிலவற்றில் காஃபீனும் உண்டு. முதல் இரண்டும் கர்ப்பகாலத்தில் நெடுங்காலம் பயன்பட்டவை. ஃபினைல்எஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. வாய்வழி உட்கொண்டால் மூக்கடைப்புக்கே பயன் தருவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகக் கூறியது. பயனே இல்லாத ஒன்றைக் கருவுற்றவர் விழுங்க எந்த நியாயமும் இல்லை. சூடோஎஃபெட்ரின் கலந்தவற்றை முதல் மூன்று மாதங்களில் அறவே தவிர்க்க வேண்டும். உடல்வலிக்காகச் சேர்த்துத் தரப்படும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் 20 வாரத்துக்குப் பின் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்பது அதே நிர்வாகத்தின் 2020 எச்சரிக்கை. இரத்தக் கொதிப்பைத் தடுக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை இதைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது; அது தனி விவகாரம். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சிசுவின் பற்களைக் கறைப்படுத்தும் இனத்தைச் சேர்ந்தது. வைரஸ் சளிக்கு வேறெந்த ஆன்டிபயாட்டிக்கும்கூடத் தேவையில்லை.

மருந்துக்கு அஞ்சிக் காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வதும் தவறே. கருவின் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும் முதல் வாரங்களில் தாயின் உடல் சூடு மிகுவது பிறவிக் குறைபாட்டோடு தொடர்புடையது. இங்கே பாராசிட்டமாலே முதல் தேர்வு: 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்படும் நாள்களுக்கு மட்டும். அது ஆட்டிசத்தை உண்டாக்கும் என்ற அச்சம் 2025இல் அமெரிக்க அரசியல் மேடையிலிருந்து இங்கும் பரவியது. சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை.

நாட்டு மருந்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடு தருவது என்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மிளகு ரசம், சுக்குமல்லிக் காப்பி, மஞ்சள் பால், துளசி நாலு இலை, தேன் இவை உணவின் அளவில் இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வேலியோரத்தில் கைக்கெட்டும் ஆடாதோடை அப்படியல்ல. இருமலுக்குப் பேர்போன அந்த இலையின் முதன்மை ஆல்கலாய்டு வாசிசின். அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை ஜம்முவின் ஆய்வாளர்கள் 1970களில் விலங்குச் சோதனைகளில் காட்டினார்கள். இருமலுக்குக் கைகண்ட மருந்தான அதே கஷாயம், நிறைமாதமாகாத பெண்ணுக்கு ஆகாதது. கடையில் வாங்கும் மூலிகை இருமல் சிரப்புகள் பலவற்றிலும் ஆடாதோடை முதன்மைச் சரக்கு. ‘ஆயுர்வேத’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது. தொண்டைக் கரகரப்புக்கு மெல்லும் அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஹெல்சின்கியில் அதை மிகுதியாக உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் எட்டு வயதில் அறிவாற்றல் தேர்வுகளில் பின்தங்கியது 2009 ஆய்வில் தெரியவந்தது. கொரோனாவுக்குப் பின் வீட்டுக்கு வீடு புழங்கும் கபசுரக் குடிநீரிலும், அதற்கு முன்பே டெங்குக்குப் பெயர்பெற்ற நிலவேம்புக் குடிநீரிலும் நிலவேம்பு உண்டு. கர்ப்பத்தில் அதன் பாதுகாப்பு நிறுவப்படவில்லை. தகுதி பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் இவற்றைக் குடிப்பது முறையல்ல. சித்த மருத்துவமே கர்ப்பிணிக்கு ஆகாத சரக்குகளைத் தனியே வகுத்து வைத்திருப்பதால், இந்தக் கட்டுப்பாடு அதற்கு எதிரானதும் அல்ல.

ஆவி பிடிக்க வெறும் வெந்நீரோ நொச்சி இலையோ போதும். பாத்திரத்தைத் தரையில் வைத்துக் குனிவதைவிட மேசைமேல் அசையாமல் வைப்பது நல்லது. கொதிநீர் கவிழ்வதே இதிலுள்ள மெய்யான ஆபத்து. தொண்டைக்கு உப்பு வெந்நீர் கொப்பளிக்கலாம். போவிடோன் அயோடின் கொப்பளிப்பைத் தொடர்ந்து செய்தால் உறிஞ்சப்படும் அயோடின் சிசுவின் தைராய்டைப் பாதிக்கலாம்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஆக்சிஜன் அளவு 95க்குக் கீழ் இறங்குதல், பாராசிட்டமாலுக்கு அடங்காத காய்ச்சல், சிசுவின் அசைவு குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நகரத்திலுள்ளவருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். ஜவ்வாதுமலைச் சிற்றூர்களிலிருந்து மலைப்பாதையில் இறங்க நேரமாகும் என்பதால் அங்குள்ளவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுவது அவசியம். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு நிலையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே கர்ப்பிணிகளை இன்ஃப்ளூயன்சாத் தடுப்பூசிக்கு முதல் முன்னுரிமையில் வைத்தது. செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன அந்த ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். இப்பகுதியின் பருவத்தைப் பார்த்தால் மழைக்கு முன், செப்டம்பர் வாக்கில் போடுவதே பொருத்தம். டாக்காவில் 340 தாய்மாரிடம் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பத்தில் இந்த ஊசி பெற்றவர்களின் பச்சிளங்குழந்தைகளிடம் ஆறு மாதம்வரை உறுதிசெய்யப்பட்ட இன்ஃப்ளூயன்சா 63 விழுக்காடு குறைந்திருந்தது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது என்பதால், தாய் வழியாகக் கிடைக்கும் எதிர்ப்பாற்றலே அதற்குக் கிடைக்கக்கூடிய காப்பு.