சுங்குடியும் சித்திரை வெயிலும்

சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்கும் காட்சியைத் தரிசிப்பதற்காக, முந்தின நாளே கட்டுச்சோற்று மூட்டையோடு கிராமத்தை விட்டுப் புறப்பட்டு, இரவை ஆற்று மணலிலும் மறுநாள் பகலை மரத்தடியிலும் மண்டகப்படி வாசலிலுமாகக் கழித்த ஜனங்களுக்கு, அவ்வளவு நேரத்துக்கும் துணை நின்றவை உடுத்தியிருந்த ஒரே புடைவையும் ஒரே வேஷ்டியும், தோளில் கிடந்த துண்டுமேதாம். முந்தானை உச்சி வெயிலில் முக்காடாயிற்று. மரக்கிளையில் முடிந்த பழம்புடைவை குழந்தைக்குத் தூளியாயிற்று. துண்டு தலைப்பாகையாயும், பொரிகடலைக்குப் பையாயும், இரவில் விரிப்பாயும் இருந்தது.

அழகர் எந்தப் பட்டு உடுத்தி வருவார் என்று பார்ப்பது மதுரையின் பழைய ஆவல்; பச்சைப் பட்டானால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பட்டு சுவாமிக்கு உரியது. அடியார் கூட்டத்துக்குப் பருத்திதான் உகந்தது. விரதமிருந்த பக்தர்கள் தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும்போது அழகரோடு கூட்டமும் நனையும். நனைந்த பட்டு உடலோடு ஒட்டிக்கொண்டு கறைபடும். நனைந்த பருத்தியோ உலரும் வரையில் தேகத்தைக் குளிர்வித்து, நாழிகைக்குள் காய்ந்து, மறுபடி நனையத் தயாராகிவிடும்.

இந்தத் தேவைக்கு மதுரை கண்ட துணி, முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடி. சௌராஷ்டிர தேசத்திலிருந்து விஜயநகர வழியாகத் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் இங்கே நிலைபெற்ற நெசவாளர் சமூகம் அந்தக் கலையைப் போஷித்து வளர்த்தது. மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தவராக மதுரை சொல்லிவரும் திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. ஆகவே விழாவின் இன்றைய உருவமும் அத்துணியும் ஏறக்குறைய ஒரே காலத்துச் சொத்துக்கள் என்றே நான் கருதுகிறேன்.

மடித்த துணியில் விரல்நுனியால் சிறு கொத்தாகக் கிள்ளியெடுத்து, நூலை இறுகச் சுற்றி முடிச்சிட்டு, ஒரு புடைவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுக்கள் விழுந்த பிறகே அதைச் சாயத்தில் தோய்ப்பார்கள். இவ்வேலையைப் பெரும்பாலும் வீட்டு ஸ்திரீகளே, அடுப்பு வேலைக்கு நடுவே செய்து வந்தார்கள். உலர்ந்தபின் இருவர் இரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சுக்கள் படபடவென்று அவிழ்ந்து, நடுவே சாயத் துளியோடு கூடிய வெள்ளை வட்டங்கள் வெளிப்படும். ஒரு வட்டம் இன்னொன்றைப் போல் இராது. அதுவே அதன் லட்சணம். அரக்கு, கருநீலம் முதலிய ஆழ்ந்த வர்ணங்கள் ஆற்று மணலையும் அழுக்கையும் காட்டிக்கொடுக்காததும் ஒரு சௌகரியம். சாயவேரின் இடத்தை, 1869-க்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த செயற்கை அலிசரின் சாயம் பிடித்துக்கொண்டது. முடிச்சோ கையிலேயே இருந்தது.

பின்னால் மெழுகு அச்சும் திரை அச்சும் வந்து முடிச்சை விரட்டின. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த போதிலும், கடையில் சுங்குடி என்று தொங்குவனவற்றில் பெரும்பகுதி அச்சுப் புள்ளியே.

அடுத்த சித்திரைக்கு மதுரை வருகிறவர்கள் முடிச்சிட்ட புடைவையைக் கேட்டு வாங்குங்கள். கஞ்சி போக இரண்டு முறை அலசிய பிறகு உடுத்திக்கொண்டு ஆற்றில் இறங்குங்கள்.