பழைய ஜீப் வித்த காசு

போன மாசம் ஆபீஸ்ல பட்ஜெட் மீட்டிங். டீம்ல ரெண்டு பசங்களை வெளியூர்ல நடக்குற ஒரு கான்ஃபரன்ஸுக்கு அனுப்பலாம்னு நான் ஒரு வரி சேர்த்து வெச்சிருந்தேன். மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல நமக்கு என்னப்பா ரிட்டர்ன்?" நான் முழிச்ச முழியைப் பாத்துட்டு, அந்த வரியை அங்கேயே அழிச்சுட்டார்.

ரெண்டு நாளா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம்தான் தோணிச்சு, இதே கேள்வியை ஒரு நாட்டோட நாடாளுமன்றம் எண்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்னு. வெளிநாட்டு ஆட்களை அரசாங்கச் செலவுல கூப்பிட்டு ஊர் சுத்திக் காட்டுற அமெரிக்கத் திட்டங்களைத்தான் சொல்றேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

ஆரம்பம் 1940. ஐரோப்பாவுல ஹிட்லர் ஒவ்வொரு நாடா முழுங்கிக்கிட்டு இருந்த நேரம். தென் அமெரிக்காவுல நாஜிப் பிரச்சாரம் பலமா நடக்குதுன்னு ரூஸ்வெல்ட்டுக்குக் கவலை. அந்த நாடுகளோட உறவைப் பாத்துக்கன்னு ஒரு அலுவலகம் போட்டு, நெல்சன் ராக்ஃபெல்லரை அதுக்குத் தலைவராக்கினார். லத்தீன் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் 130 பேரை அமெரிக்காவுக்கு அழைச்சாங்க. பின்னாடி 'வெளிநாட்டுத் தலைவர்கள் திட்டம்'னு வளர்ந்து, இன்னிக்கு ஐ.வி.எல்.பி.ன்னு சொல்றாங்களே, அதோட விதை இதுதான்.

இதுக்கு நீங்களா விண்ணப்பம் போட முடியாது. அந்தந்த நாட்டுல இருக்குற அமெரிக்கத் தூதரகம்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். இன்னும் பெரிய ஆளாகாத, ஆனா ஆகக்கூடிய ஆளாப் பாத்து! பணம் வெளியுறவுத் துறையோடது. பயண ஏற்பாட்டை மானியம் வாங்குற லாப நோக்கமில்லாத அமைப்புகள் பாத்துக்கும். அந்தந்த ஊர்ல தன்னார்வலர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போடுவாங்க.

1967-ல லண்டன்ல இருந்து ஒரு எதிர்க்கட்சி எம்.பி.யை இப்படி ஆறு வாரம் கூட்டிட்டுப் போனாங்க. பேரு மார்கரெட் தாட்சர். 1979-ல பிரதமர். குறி தப்பலை.

அடுத்த கதை இன்னும் சுவாரசியம். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்ப, உலகம் முழுக்க அமெரிக்க ராணுவத்தோட ஜீப், லாரி, மருந்துன்னு மலை மலையா சாமான் கிடந்துச்சு. திருப்பி எடுத்துட்டுப் போறதும் வீண் செலவு. உள்ளூர் அரசாங்கங்களுக்கு வித்துடலாம்னா அவங்ககிட்ட டாலர் இல்லை. அவங்க பணத்துல வாங்கினா, அதை அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போயி என்ன பண்றது?

அர்க்கன்சாஸ் செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார். அந்தப் பணம் அந்தந்த நாட்டுலயே இருக்கட்டும், மாணவர், ஆசிரியர் பரிமாற்றத்துக்குச் செலவு பண்ணலாம்னு. இவரே இருபதுகள்ல ரோட்ஸ் உதவித்தொகையில ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர். 'உபரிச் சொத்துச் சட்டத்துக்குத் திருத்தம்'னு தூக்கம் வர்ற மாதிரி ஒரு மசோதா. செனட்ல பெரிய விவாதமே இல்லாம நிறைவேறிடுச்சு. இதைக் கவனிச்சிருந்தா அப்பவே காலி பண்ணியிருப்பேன்னு ஒரு மூத்த செனட்டர் பின்னாடி தன்கிட்ட சொன்னதா ஃபுல்பிரைட்டே சொல்லியிருக்கார். 1946 ஆகஸ்ட் 1 அன்னிக்கு ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு வரம்பு. முதல் ஒப்பந்தம் 1947-ல சீனாவோட. இந்தியாவோட ஒப்பந்தம் 1950 பிப்ரவரியில, நேரு காலத்துல.

அடுத்த வருஷமே இன்னொரு வேடிக்கை. இந்தியாவுல பஞ்சம். 1951-ல அமெரிக்கா 19 கோடி டாலர் கோதுமைக் கடன் குடுத்துச்சு. அதுல வர்ற வட்டியில 50 லட்சம் டாலரை இந்திய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்றத்துக்கும் புத்தகங்களுக்கும் ஒதுக்கினாங்க. பட்டினிக்கு வாங்கின கடனோட வட்டி நூலகத்துக்குப் போச்சு!

ஃபுல்பிரைட்டை மகாத்மா ஆக்கிடாதீங்க. 1953-54-ல மெக்கார்த்தி எல்லாரையும் கம்யூனிஸ்ட்னு மிரட்டிக்கிட்டு இருந்தப்ப, அவரோட விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்கறதை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே செனட்டர் இவர்தான். அதே மனுஷன் 1956-ல, பள்ளிகள்ல வெள்ளையர்-கறுப்பர் பிரிவினையை ஆதரிச்ச தென்மாநில அறிக்கையில கையெழுத்தும் போட்டார். 1964 சிவில் உரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். கடல் தாண்டி இருக்குறவனைப் புரிஞ்சுக்கணும்னு சட்டம் போட்டவருக்குப் பக்கத்துத் தெருக்காரன் விஷயத்துல அந்த மனசு வரலை. இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்துச்சு.

சரி, ரிட்டர்ன் மேட்டருக்கு வருவோம்.

1958-ல அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரு பரிமாற்ற ஒப்பந்தம் போட்டாங்க. அதுல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தவங்கள்ல ரெண்டு பேரைப் பாருங்க. ஒருத்தர் ஒலெக் கலூகின், கே.ஜி.பி. ஆள். இன்னொருத்தர் அலெக்சாண்டர் யாகவ்லெவ், போர்ல காயம்பட்டு கால் சரியில்லாதவர். யாகவ்லெவ் ஊருக்குத் திரும்பி அமெரிக்காவைத் திட்டிப் புத்தகமா எழுதித் தள்ளினார். 1965-ல யாராவது கணக்குப் பாத்திருந்தா, ஒரு உளவாளி, ஒரு திட்டுறவர், மொத்தமும் நஷ்டம்னுதான் எழுதியிருப்பாங்க. ஆனா 1980களோட பின்பாதியில கோர்பச்சேவ் பக்கத்துல நின்னு 'கிளாஸ்நாஸ்த்'தை வடிவமைச்சது அதே யாகவ்லெவ். கொலம்பியாவுல இருந்த ஒரு வருஷம்தான் காரணம்னு நான் சொல்லலை. பத்து வருஷம் அவர் கனடாவுலயும் தூதரா இருந்தார். எது எங்க வேலை செஞ்சுதுன்னு யாராலயும் பிரிச்சு எடுக்க முடியாது. என்னோட பாயிண்டே அதுதான்.

நமக்கு நெருக்கமான கணக்கு ஒண்ணு. 1959-ல மைசூர்க்காரர், வீட்ல தமிழ் பேசுற ஏ.கே.ராமானுஜன், ஃபுல்பிரைட் பயண உதவியில அமெரிக்கா போனார், மொழியியல் படிக்க. 1962-ல சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தோட அடித்தளத்துல பழந்தமிழ் இலக்கணம் ஏதாச்சும் கிடைக்குமான்னு தேடினப்ப, உ.வே.சா. 1937-ல பதிப்பிச்ச குறுந்தொகை கையில சிக்கிச்சு. 1967-ல அவர் மொழிபெயர்ப்பு புத்தகமா வந்துச்சு. ஆங்கிலம் படிக்கிற உலகத்துல பலருக்குச் சங்கக் கவிதை அறிமுகமானது அப்படித்தான். ஜீப் வித்த காசுக்குச் சட்டம் எழுதினப்ப, குறுந்தொகைன்னு ஒரு காலம் யார் போட்டிருப்பா?

2025 பிப்ரவரியில அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தத் திட்டங்களுக்கான மானியப் பட்டுவாடாவை நிறுத்தி வெச்சது. ஊர்ல படிச்சுக்கிட்டு இருந்தவங்களே உதவித்தொகை வருமான்னு தவிச்சாங்க. ஜூன்ல ஃபுல்பிரைட் வாரியத்துல 12 பேர்ல 11 பேர் ராஜினாமா. தாங்க தேர்ந்தெடுத்தவங்களை அரசாங்கம் தலையிட்டு நிராகரிச்சுதுங்கறது அவங்க புகார். அமெரிக்க வரி கட்டுறவர் "என் காசு, எனக்கென்ன?"ன்னு கேக்கறது தப்பில்லை. மொதல் நாள்லேருந்தே இது சுயநலத்தோட ஆரம்பிச்சதுதான், தர்மகாரியம் இல்லை. ஆனா பதிலை அடுத்த காலாண்டுக்குள்ள கேட்டா, 1965-ல எழுதின அந்தக் கணக்குதான் கிடைக்கும்.

நான் அடுத்த வருஷ ஷீட்டுல அந்த வரியைத் திரும்பவும் சேர்க்கப்போறேன். மேனேஜர்கிட்ட யாகவ்லெவ் கதையைச் சொல்லலாமா, இல்லை ராமானுஜன் கதையா? நீங்களே சொல்லுங்க. :-)

கொசுறு: 2008-லேருந்து நம்ம அரசாங்கமும் சரிபாதி செலவு ஏத்துக்குது. அதனாலதான் இங்க அது 'ஃபுல்பிரைட்-நேரு'.