தேர்தல் நாள் யார் கையில்? நாகர்கோவில் நகரமன்றத்தின் வரலாறு

தமிழ்நாட்டின் உள்ளாட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தில் தொடங்கி, 1884-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் வழியாக இன்றைக்கு வந்து சேர்வார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தப் பாதை பொருந்தாது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. இங்கே நகர நிர்வாகம் மன்னராட்சியின் ஒழுங்குமுறைச் சட்டங்களில் பிறந்தது. கொல்லம் ஆண்டு 1069-இல், அதாவது 1894-இல், திருவனந்தபுரம், நாகர்கோவில், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் ஆகிய ஐந்து ஊர்களில் நகர மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. அரசு நியமித்தவர்களே அவற்றின் உறுப்பினர்கள். தெருவைச் சுத்தமாக வைப்பதும் விளக்கேற்றுவதும் நோய் பரவாமல் பார்ப்பதும் அவர்கள் வேலை. 1920-இல் வந்த நகராட்சிச் சட்டம் நாகர்கோவிலை முறைப்படி நகராட்சி ஆக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும் மன்றத்தில் இடம் தந்தது. வாக்கு மட்டும் சொத்தும் வரியும் உள்ளவர்களோடு நின்றது. குழுவாக இருந்தது நகராட்சியாகி இன்று மாநகராட்சியாக உள்ளது. சிலருக்கு மட்டும் இருந்த வாக்கு எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனாலும் இந்த நூற்றாண்டு முழுக்க ஓர் அதிகாரம் நகரத்தின் கைக்கு வரவே இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மன்றம் எப்போது தேர்ந்தெடுக்கப்படும், எப்போது இல்லாமல் போகும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் அது. திவான் கையில் இருந்த அது இன்று கோட்டையில் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் உள்ளாட்சி அதற்கு முன்பே இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரிந்திருந்த நாஞ்சில் நாட்டார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டுக்கூட்டம் கூட்டி, நியாயமற்ற வரியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டதற்கு ஆவணச் சான்று இருக்கிறது. அந்தத் துணிச்சலை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை மக்களாட்சியின் தொட்டில் என்று சொல்வது மிகை. அங்கே பேசியது நிலம் உடையவனின் குரல். வயலில் இறங்கி உழைத்தவனுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. கூடவேண்டிய நேரத்தை நாட்டாரே முடிவு செய்தார்கள். மேலிடத்து அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. பின்னாளில் வந்த நகரமன்றங்கள் அதைவிடப் பல மடங்கு ஜனநாயகமானவை, ஆனால் அந்த ஒரு சுதந்திரம் அவற்றுக்கு வாய்க்கவில்லை.

இதற்கு ஒரு காரணத்தை இந்த மாவட்டத்தின் அரசியலிலேயே தேடலாம். 1940-களிலும் 50-களிலும் இங்கு நடந்த பெரும் போராட்டம் எல்லை பற்றியது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது தாய்த்தமிழகத்தோடு இணைப்பு. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோனது அதற்காகத்தான். எந்த மாநிலம் என்ற கேள்வி எரிந்துகொண்டிருந்தபோது, மாநிலத்துக்கும் நகரத்துக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பகிரப்படும் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அது இயல்புதான், குறை சொல்ல முடியாது. இணைப்பு நடந்தது, சென்னையின் சட்டங்கள் வந்தன, அவற்றோடு சென்னையின் பழக்கமும் வந்தது. காமராஜர் ஆட்சியின் 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நல்ல தொடக்கம். ஆனால் 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 1986-இல்தான் வந்தது. 1986-இல் வந்த மன்றங்கள் 1991-இல் முடிந்தபின், அடுத்த தேர்தலுக்கு 1996 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள்.

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் இதை மாற்றிவிட்டன என்பது வலுவான மறுப்பு. ஐந்தாண்டுப் பதவிக்காலம், அது முடியுமுன் அடுத்த தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் இட ஒதுக்கீடு ஆகியவை இப்போது அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. 1996, 2001, 2006, 2011 எனத் தேர்தல்களும் ஒழுங்காக நடந்தன. மன்றத்துக்குள் யார் உட்கார்கிறார்கள் என்பதை இந்தத் திருத்தங்கள் உண்மையிலேயே மாற்றின, அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்க்கவேண்டும். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தடுத்தது நீதிமன்றம்தானே, அரசின் மேல் என்ன பழி என்று கேட்கலாம். ரத்துக்குக் காரணம் அறிவிக்கையிலும் ஒதுக்கீட்டிலும் இருந்த குறைகள். அவற்றைச் சரிசெய்து மறுபடி அறிவிக்கச் சில மாதங்கள் போதும். ஆனால் வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், மேல்முறையீடு என்று காலம் ஓடியது. குமரி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், நகர அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரி 19-இலும்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்தாண்டுக் கால நகரமன்றத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைபட்டது.

அந்த இடைவெளியில் நாகர்கோவிலில் நடந்ததை அருகே சென்று பார்ப்போம். மன்றம் இல்லாத காலத்தில் ஆணையரே தனி அலுவலர். குடிநீர்க் குழாய்க்கோ சாலைக்கோ ஒப்பந்தப்புள்ளி வந்தால், ஆணையர் என்ற முறையில் அவர் குறிப்பு எழுதி மன்றத்தின் அனுமதிக்கு வைப்பார். மன்றம் என்ற முறையில் அவரே அனுமதித்துக் கையெழுத்திடுவார். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை வீட்டுக்குள் வந்தால், கேள்வி கேட்க வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. இத்தகைய காலத்தில்தான், 2019-இல், நூறாண்டை நெருங்கிய நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஓர் ஊரின் வரியும் எல்லையும் நிர்வாகமும் மாறும் முடிவில் வாய் திறக்க அந்த ஊர் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. பின்னர் ஆளூர், தெங்கம்புதூர் பேரூராட்சிகளும் அதனுடன் சேர்ந்து, வார்டுகள் 52 ஆயின.

நாளோடு நிற்கவில்லை, விதியும் மேலிருந்தே மாறியது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா? 1996, 2001 நேரடி, 2006 மறைமுகம், 2011 நேரடி, 2016-இல் மறைமுகம் என்று திருத்தம், 2018-இல் மீண்டும் நேரடி, 2019-இல் மறுபடி மறைமுகம். இரு கழகங்களும் இதில் பங்காளிகள். இந்த ஊசலாட்டத்தின் விளைவை நாகர்கோவில் தெளிவாகக் காட்டுகிறது. 2011 ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்த இந்தத் தொகுதியின் நகரம், அதே ஆண்டு அக்டோபரில் நேரடி வாக்கில் நகராட்சித் தலைவராகப் பா.ஜ.க.வின் மீனா தேவைத் தேர்ந்தெடுத்தது. மாநிலம் முழுக்க ஆளுங்கட்சி அலை வீசி, பத்து மாநகராட்சிகளையும் அது அள்ளிய தேர்தல் அது. வாக்காளர் சட்டமன்றத்தையும் நகரமன்றத்தையும் வேறு வேறாகத்தான் எடைபோட்டார். 2022-இல் மறைமுகத் தேர்தலில் தி.மு.க.வின் மகேஷ் 28 வாக்குகளும் மீனா தேவ் 24 வாக்குகளும் பெற்றனர். தி.மு.க. கூட்டணி வென்ற இடங்களோ 32. நான்கு வாக்குகளாவது இடம் மாறின. யாருடையவை என்று வாக்காளருக்கு எந்நாளும் தெரியப்போவதில்லை. மறைமுகத் தேர்தல் தலைவருக்கும் மன்றத்துக்கும் மோதல் வராமல் தடுக்கும் என்பது அதை ஆதரிப்போர் வாதம். அதில் நியாயம் உண்டு. நான் குறை சொல்வது இரண்டில் எந்த முறையையும் அல்ல. தேர்தலுக்குத் தேர்தல் முறையை மாற்றும் வசதியை.

உள்ளாட்சி மாநிலத்தின் படைப்புத்தானே, அதைக் கட்டுப்படுத்தும் உரிமையும் மாநிலத்துக்குத்தானே என்பது கடைசி மறுப்பு. இதற்குக் கனடாவைப் பார்க்கலாம். அங்கும் நகரமன்றங்கள் மாகாணத்தின் படைப்புகளே. 2018-இல் டொரன்டோவில் வேட்பாளர்கள் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஒன்டாரியோ அரசு 47 வார்டுகளை 25 ஆகக் குறைத்தது. 2021-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதைச் சரி என்றது. ஆகவே அங்கே நகரத்துக்கு நம்மைவிட அதிகப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் வார்டுகள் பாதியாகக் குறைந்த அந்த ஆண்டிலும் தேர்தல் நாள் அசையவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரின் நான்காம் திங்கட்கிழமை என்று சட்டமே நாளைச் சொல்லிவிடுகிறது, அறிவிக்கையை எதிர்பார்க்கவேண்டியதில்லை. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லாத அந்த மாகாணத்தில், 2006-இல் மார்க்கம் நகரமன்றத்துக்கு லோகன் கணபதி என்ற ஈழத்தமிழர் ஒருவர் தேர்வானதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அடுத்த தேர்தல் எப்போது என்று தெரிந்தால்தான், கட்சியின் பின்பலம் இல்லாதவர் நான்கு ஆண்டு வீடு வீடாக ஏறி இறங்கி ஆதரவு திரட்ட முடியும். நாள் தெரியாத இடத்தில், எப்போதும் தயாராக நிற்கும் பெரிய கட்சிக்கே லாபம்.

குமரி மாவட்டத்தின் 95 ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. அதற்குமுன் தேர்தல் நடக்கவில்லை. மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். நாகர்கோவில் மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைவடைகிறது. உள்ளாட்சித் தேர்தல் நாளைச் சட்டத்திலேயே எழுதிவையுங்கள் என்று இந்த மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களிடம், அவர்கள் எந்தக் கட்சியானாலும், வாக்காளர்கள் இப்போதே கேட்கவேண்டும்.