சோடியத்தின் வேலையை மின்சாரம் செய்த கதை

கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாவதை நாம் அறிவோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த சிலிக்கனுக்கோ ஆக்சிஜனோடுதான் உறவு அதிகம். கடற்கரை மணலே அதற்குச் சான்று. சிலிக்கனைச் சிலிக்கனுடன் பிணைக்க வேதியியலாருக்கு நெடுங்காலம் கைகொடுத்தது சோடியம்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் பணியாற்றிய கிப்பிங் என்பவர், இரண்டு குளோரின் அணுக்களையும் இரண்டு ஃபீனைல் தொகுதிகளையும் தாங்கிய சிலிக்கன் சேர்மத்தைச் சோடியத்துடன் வினைப்படுத்தி 1921இல் முடிவுகளை வெளியிட்டார். சோடியம் குளோரினைப் பறித்துக்கொண்டு உப்பாயிற்று; எஞ்சிய சிலிக்கன் அணுக்கள் நான்கு நான்காக வளையமாய் இணைந்தன. இதே முறையில் பின்னர் நீண்ட சங்கிலிகளும் கிடைத்தன. 1975இல் ஜப்பானிய விஞ்ஞானி யாஜிமா அத்தகைய சங்கிலிப் பொருளிலிருந்து, கடும் வெப்பம் தாங்கும் சிலிக்கன் கார்பைடு இழையைச் செய்து காட்டினார். அதன்பின் இப்பொருள்களுக்கு மதிப்பு ஏறியது.

ஆனால் செய்முறை அச்சம் தருவது. டொலுவீன் 111 டிகிரி செல்சியசில் கொதிக்கும். சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே கொதிக்கும் டொலுவீனில் உருகிய சோடியம் துளித்துளியாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதில் நீர் பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை!

இங்கே சோடியம் செய்வது எலெக்ட்ரானைக் கொடுப்பது மட்டுமே. அந்த எலெக்ட்ரானும் மின்சாரம் தந்ததுதான்; உருகிய உப்பை மின்பகுத்தே ஆலைகளில் சோடியம் எடுக்கிறார்கள். பிறகு இடைத்தரகர் எதற்கு?

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஹெங்கே என்பவரும் அவருடைய கூட்டாளியும் 1976இல் குளோரோசிலேன்களை மின்பகுத்துச் சிலிக்கன்-சிலிக்கன் பிணைப்பை உண்டாக்கினர். இரண்டு சிலிக்கன் அணுக்கள் சேர்ந்த சிறு மூலக்கூறுகளே கிடைத்தன. ஆயினும் வழி திறந்தது. 1990இல் ஜப்பானில் ஷோனோ குழுவினர் இரு மின்வாய்களையும் மக்னீசியத்தால் அமைத்து, மின்சாரத்தின் திசையை அடிக்கடி மாற்றி, கேளா ஒலியால் கலத்தை அதிரவைத்து, நீண்ட சங்கிலிகளையே பெற்றனர். எதிர்மின்வாயில் எலெக்ட்ரானைப் பெற்ற மூலக்கூறு குளோரினை உதிர்த்துவிட்டு அடுத்த மூலக்கூறைப் பற்றுகிறது. நேர்மின்வாயில் மக்னீசியம் கரைந்து, உதிர்ந்த குளோரைடு அயனிக்குத் துணையாகிறது.

சோடியத்துக்குப் பதில் மக்னீசியம் செலவாகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனினும் மக்னீசியம் இங்கே உருகி மிதப்பதில்லை, கலத்தைக் கொதிக்கவைக்கவும் வேண்டியதில்லை. மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வினையின் வேகத்தை ஆளலாம். கொதிகலனில் இட்ட சோடியத்தை அப்படி அடக்க முடியாது.