பாயிண்ட் என்னும் அளவு

கணினிக்கு ஓர் அங்குலம் இன்னதென்று உணர்த்துவது எளிதன்று. அதன் கருவிகள் அறிந்தவை புள்ளிகளே. ஓர் அங்குல நீளத்தில் ஒரு திரை 72 புள்ளிகளை இடும். ஓர் அச்சுப்பொறி 300 புள்ளிகளை இடும். 300 புள்ளி நீளத்திற்குக் கோடு வரைக என்று பணித்தால், தாளில் ஓர் அங்குலமாக விழும் கோடு திரையில் நான்கு அங்குலத்தையும் கடந்து ஓடும். கருவியைச் சாராத அளவொன்று தேவையாயிற்று.

அத்தேவையை நிறைவு செய்தது ஈய எழுத்துக் காலத்துப் பழைய அளவாகும். பிரெஞ்சு நாட்டு எழுத்து வார்ப்பாளர் ஃபூர்னியே 1737இல் 'பாயிண்ட்' முறையை வகுத்தார். அமெரிக்க வார்ப்பாளர்கள் 1886இல் தமக்கென ஓர் அளவை ஏற்றனர். அவர்தம் கணக்கில் 83 பைக்கா 35 சென்டிமீட்டர். ஒரு பைக்கா 12 பாயிண்ட். எனவே ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 72.27 பாயிண்ட். (தமிழில் இதனையும் புள்ளி என்றே வழங்கினால் திரைப்புள்ளியோடு மயங்கும், பாயிண்ட் என்றே இருத்தல் நன்று.)

ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் வெதும்பினார். அவர் படைத்த 'டெக்' என்னும் அச்சமைப்பு முறை ஒரு பாயிண்ட்டை 65,536 கூறுகளாக்கியது. ஒளியின் அலைநீளத்தினும் சிறியது அக்கூறு. நீளங்கள் யாவும் அதன் முழு மடங்குகளே ஆதலின், எந்தக் கணினியிலும் வரிகள் ஒரே இடத்தில் முறிந்தன.

1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழியோ பின்னத்தை வெட்டியெறிந்தது. அங்குலத்திற்குச் சரியாக 72 பாயிண்ட் என்றாக்கியது. 600 பாயிண்ட் உயரமுள்ள பக்கத்தில் இம்மாற்றம் 0.8 மில்லிமீட்டர் அளவே. கண்ணுக்குப் புலனாகாத இழப்பு எனலாம்; ஆயினும் கனூத் பழைய அளவைக் கைவிடவில்லை. புதியதற்குப் 'பெரிய பாயிண்ட்' என்று தனிப்பெயர் இட்டார். மரபறிந்த செயல் அது. எனினும் போஸ்ட்ஸ்கிரிப்ட்டால் விளைந்த பயனும் சிறிதன்று. 300 புள்ளி இடும் மேசை அச்சுப்பொறியில் சரிபார்த்த பக்கம், 1,270 புள்ளி இடும் ஒளியச்சு எந்திரத்தில் அளவு மாறாமல் தெளிவு மட்டும் மிகுந்து வெளிவந்தது.

இணையப் பக்கங்களுக்கான சி.எஸ்.எஸ். 2.1 விதிகள் 2011இல் நிறைவுற்றபோது, திரைப்புள்ளியைக் குறித்த பிக்சலும் ஒரு நீள அளவாயிற்று: 96 பிக்சல் ஓர் அங்குலம். வியப்பு யாதெனில், திரைகளில் பிக்சலே அடிப்படையாகக் கொள்ளப்படுவதால், அங்கே ஓர் அங்குலம் எனக் குறித்த கோட்டின்மேல் அளவுகோலை வைத்தால் அது ஓர் அங்குலமாக இருக்க வேண்டுவதில்லை.